செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பழைய காரின் இக்னிஷன், இன்ஜெக்‌ஷன் மின்கோளாறை வரிசையாகத் தேடும் முறை

டிஸ்ட்ரிபியூட்டரோ (காயில் தரும் ஸ்பார்க் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக்கொடுப்பது) ஆரம்பகாலக் காயில் பேக்கோ (பல காயில்கள் ஒன்றாக உள்ள பெட்டி) உள்ள, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வைத்த, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கான வழிகாட்டி இது. 1980களிலிருந்து 2000ஐ ஒட்டி வந்த வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. புதிய கார்களைப் போல ஸ்கேனரை மாட்டினால் இவை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆனால் வயர்கள் குறைவு, எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், மீட்டர் பிடித்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று சென்சார் வாங்கி மாட்டுவது, அது சரிவராமல் காயில், அப்புறம் பெட்ரோல் பம்ப், கடைசியில் இசியு. இத்தனை பழைய வண்டியில் பாகம் செத்திருப்பதைவிட, அந்தப் பாகத்துக்குக் கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேராமல் இருப்பதுதான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முன்படி தேறாமல் அடுத்த படிக்குப் போனால், அங்கே மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் வண்டியின் அதே மாடல், அதே வருடம், அதே இன்ஜினுக்கான வயரிங் படம். ஒரே மாடலில்கூட நடுவில் வயர் நிறத்தையும் பின் எண்ணையும் மாற்றியிருப்பார்கள். ‘ஏறத்தாழ இதேதான்’ என்று வேறு வருடத்துப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால், இல்லாத கோளாறு ஒன்று கிடைக்கும்.

அடுத்து ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். அதோடு மூன்று விளக்குகள். இரண்டு வயர் இணைத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று, 5 வாட்டுக்கு மேற்படாத சிறிய டெஸ்ட் லாம்ப் ஒன்று, ரெசிஸ்டர் சேர்த்த எல்இடி விளக்கு ஒன்று. மூன்றுக்கும் வேலை வேறு. 21 வாட் பல்ப் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும், ஆகவே பவர் வயர் உண்மையிலேயே சுமை தாங்குகிறதா என்று அது சொல்லிவிடும். எல்இடி மிகக் கொஞ்சம்தான் இழுக்கும் என்பதால் இசியுவின் கட்டளை வயர்களில் பயமின்றி வைக்கலாம்.

ஸ்பார்க் டெஸ்டர், ஃப்யூயல் பிரஷர் கேஜ், கப்ளரின் பின்பக்கமாக நுழைக்க மெல்லிய ஊசிமுனைகள், நடுவில் ஃப்யூஸ் வைத்த ஜம்பர் வயர் ஒன்று ஆகியவையும் வேண்டும். தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

2. தொடுவதற்கு முன்

பிளக் வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இக்னிஷன் ஓடும்போது பானட் பக்கம் வரக்கூடாது. பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டுவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். வெளியேற வழி கிடைக்காத மின்சாரம் காயிலின் உள் இன்சுலேஷனையோ, காயிலை ஆன்-ஆஃப் செய்யும் இக்னைட்டரையோ பொத்தலாக்கிக்கொண்டு போகும். அதற்குத்தான் ஸ்பார்க் டெஸ்டர். அதையும் இன்ஜின் உலோகத்தில் இறுக்கமாகக் கவ்வவிட்டு, பெட்ரோல் ஆவி இல்லாத பக்கமாக வையுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. இசியு உள்ள வண்டியில் அது வேண்டவே வேண்டாம். அந்த நொடியில் எழும் வோல்டேஜ் உயர்வு இசியுவைக் கொன்றுவிடலாம். ஓம் அளக்கும்போது கப்ளரைக் கழற்றி, சாவியை ஆஃப் செய்துவிட்டு அளக்க வேண்டும். கரண்ட் இருக்கும் வயரில் ஓம் அளந்தால் வரும் எண் பொய்.

3. கோளாறு எப்படி வருகிறது என்று எழுதுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காலையில் குளிரில் எடுக்கவில்லையா, சூடாகி நிறுத்தியபின் எடுக்கவில்லையா? மழையிலா, மேடுபள்ளத்திலா? சாவியை ஆஃப் செய்தது போலப் பட்டென்று அணைகிறதா, இருமி இருமி அணைகிறதா? பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கும். இருமி அணைந்தால் பெட்ரோல் குறைகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆர்பிஎம் முள் ஒரு நல்ல சாட்சி. பல பழைய வண்டிகளில் அது காயிலின் நெகட்டிவ் பக்கத்திலிருந்தே சிக்னல் எடுக்கிறது. ஓடும் வண்டி கியரில் இருக்கும்போதே இன்ஜின் அணைந்து, சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்க, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் பிரைமரி பக்கம், அதாவது காயிலுக்கு 12 வோல்ட் வரும் பக்கம், போய்விட்டது. முள் இன்ஜின் வேகத்தோடு மெல்ல இறங்கினால் ஸ்பார்க் கட்டளை இருக்கிறது, பெட்ரோல் பக்கம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது முள் லேசாகத் துள்ளுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

வண்டியில் ஃபால்ட் கோட் வசதி இருந்தால் இப்போதே எடுத்து எழுதிவையுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அது அழிந்துவிடும். பழையவற்றில் டயக்னாஸ்டிக் கப்ளரின் இரு பின்களை இணைத்தால் டேஷ்போர்டு விளக்கு கண்சிமிட்டிக் கோட் சொல்லும். எந்தப் பின்கள் என்பது படத்தில் இருக்கும், குத்துமதிப்பாக இணைக்காதீர்கள். ‘டெம்பரேச்சர் சென்சார்’ என்று கோட் வந்தால் அந்தச் சென்சார் போய்விட்டது என்று பொருளல்ல. அந்தச் சர்க்யூட்டில் எங்கோ தகராறு, அவ்வளவுதான்.

4. பேட்டரி

சில மணி நேரம் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் சுமார் இருக்க வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் செல்ஃப் சுற்றும், ஆனால் இசியு மயங்கிவிடலாம். அப்போது ஸ்பார்க்கும் இருக்காது, இன்ஜெக்டரும் திறக்காது. இதையே சென்சார் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் நிறைய. இன்ஜின் ஓடினால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும்.

5. எர்த்

மீட்டரை ஓமில் வைத்து எர்த் வயரை அளந்து, ‘கன்டினியூட்டி இருக்கிறது, எர்த் சரி’ என்று விட்டுவிடுவது இந்த வேலையில் நான் பார்க்கும் மிகப் பொதுவான தவறு. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டரில் பூஜ்ய ஓம்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சிறியது. வேலை செய்யும்போது வயர் எவ்வளவு வோல்ட்டைத் தின்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், அதாவது கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்ஜின் எர்த் பட்டை பலவீனம். அதே முறையில் பாடிக்கும் பாருங்கள்.

அப்புறம் இசியுவின் எர்த் பின்கள். கப்ளர் மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசி நுழைத்து, சாவி ஆனில் வைத்து அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சென்சார்கள் அனுப்புவது 0 முதல் 5 வோல்ட்டுக்குள் அடங்கும் சிக்னல்கள். எர்த்தில் அரை வோல்ட் தவறினால் இசியு எல்லாச் சென்சாரையும் தவறாகப் படிக்கும். சம்பந்தமில்லாத இரண்டு மூன்று சென்சார்கள் ஒரே நேரத்தில் கோட் கொடுத்தால், அவற்றுக்குப் பொதுவான எர்த்தைத்தான் முதலில் பாருங்கள்.

இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் ஒன்றில் பல பழுப்பு அல்லது கறுப்பு வயர்கள் ஒன்றாக வந்து சேருமிடம் பல வண்டிகளில் உண்டு. இன்ஜின் வேலை பார்த்தவர்கள் அதைத் திருப்பி மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் மேல் மாட்டியிருப்பார்கள். கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கி, அதன்மேல் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள்.

6. ஃப்யூஸ், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச்

ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். மாட்டியபடியே, சாவி ஆனில், அதன் இரு பக்கமும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பிரகாசம் வேண்டும். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் அதைப் பிடிக்கும் கவ்விகள் தளர்ந்து கறுத்திருப்பது பழைய பெட்டிகளில் சாதாரணம்.

ரிலேயில் 85, 86 என்ற எண்கள் உள்ளே இருக்கும் சுருளுக்கு. 30இல் பேட்டரி கரண்ட் வரும், 87இல் வெளியே போகும். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் சுருள் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம். 87இல் 21 வாட் பல்பை வைத்து, முழுப் பிரகாசம் வருகிறதா பாருங்கள். சூடான பிறகு நின்று, அரை மணி ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், மெயின் ரிலேயையும் (இசியுவுக்குக் கரண்ட் தருவது) பம்ப் ரிலேயையும் திறந்து சால்டர் இணைப்புகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரியும். சால்டரைப் புதுப்பித்தால் போதும்.

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடித்து, சாவியை விட்டவுடன் அணைகிறதா? அப்படியானால் சாவியின் ‘ஆன்’ நிலை காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியென்றால் அது அறுந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது ரெசிஸ்டரைத் தாண்டி நேராகக் கரண்ட் போவதால்தான் அந்த ஒரு நொடி மட்டும் உயிர் வருகிறது.

7. ஸ்பார்க்கா, பெட்ரோலா?

இதுவரை எல்லாம் சரி என்றால் இப்போது பாதையைப் பிரிக்கலாம். ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். கழற்றச் சொல்வதற்குக் காரணம், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். நீலநிறத்தில் ‘சடக் சடக்’ என்று பாய்ந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, மெலிந்து, இடையிடையே விட்டுப் பாய்ந்தால் பலவீனம்.

ஸ்பார்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கப்ளர்களில் ஒன்றில் எல்இடியை மாட்டி மறுபடி அடியுங்கள். மின்னினால் இசியு இன்ஜெக்டருக்குக் கட்டளை கொடுக்கிறது.

ஸ்பார்க்கும் இல்லை, எல்இடியும் மின்னவில்லை, பம்ப்பும் ஓடவில்லை என்றால், மூன்று பாகங்கள் ஒன்றாகச் செத்துவிட்டன என்று நினைக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் பொதுவானது இன்ஜின் சுற்றுகிறது என்று சொல்லும் சிக்னல். அது கிராங்க் சென்சாரிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்அப்பிலிருந்தோ வருகிறது. இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் அதன் விளக்கையும் பார்த்துவிடுங்கள்.

8. சுற்றும் சிக்னலைச் சோதிப்பது

சென்சார் இரண்டு வகை. பெரும்பாலும் இரண்டு வயரோடு, அல்லது மேலே ஷீல்டும் சேர்ந்து வருவது காந்தச் சுருள் வகை. கப்ளரைக் கழற்றி ஓம் அளந்தால் பல வண்டிகளில் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். சரியான எண்ணை உங்கள் மேனுவலில் பாருங்கள். ஓம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தால் குறைந்தது அரை வோல்ட் அளவாவது வர வேண்டும். வரவில்லையென்றால் சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, பல்சக்கரத்துக்கும் அதற்கும் இடைவெளி அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள். சூடானதும் நிற்கும் வண்டியில் இந்தச் சுருளைச் சூட்டோடு அளப்பது முக்கியம், ஆறியபின் அது நல்ல பிள்ளையாகிவிடும்.

மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹால் வகை. இதில் ஓம் அளக்காதீர்கள், உள்ளே இருப்பது எலக்ட்ரானிக்ஸ். கப்ளர் மாட்டியபடி, முதலில் பவர் வயரில் 5 அல்லது 12 வோல்ட், அப்புறம் எர்த், கடைசியாக சிக்னல். ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றினால் சிக்னல் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து மேலே தாவி மறுபடி இறங்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டுச் சிக்னலைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் அந்த வோல்டேஜைப் பெரும்பாலும் இசியுதான் கொடுக்கிறது.

காந்தச் சுருள் வகையில் வயரை வெட்டி ஒட்டியிருந்தால், இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். மாறினாலும் சிக்னல் வரும், ஆனால் டைமிங் தவறும். இதைக் கண்டுபிடிக்கப் பலர் திணறுவார்கள்.

9. சிக்னல் இருக்கிறது, ஸ்பார்க் இல்லை

காயிலின் பாசிட்டிவில் சாவி ஆனிலும், செல்ஃப் அடிக்கும்போதும் கரண்ட் இருக்கிறதா? இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். சில தேய்ந்த சாவி ஸ்விட்சுகள் ஸ்டார்ட் நிலையில் மட்டும் இக்னிஷனை விட்டுவிடும்.

அடுத்து, சிறிய டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை காயில் நெகட்டிவில். எல்இடியை இங்கே வைக்காதீர்கள், இந்த இடத்தில் சில நூறு வோல்ட் துள்ளும். செல்ஃப் அடிக்கும்போது விளக்கு படபடத்தால் இக்னைட்டர் வேலை செய்கிறது, கோளாறு காயிலிலோ அதற்கு அப்பாலோ. விளக்கு அசையவில்லையென்றால் இக்னைட்டரின் பவர், எர்த், அதற்கு வரும் கட்டளை வயர். இக்னைட்டர் பாடியில் திருகியே எர்த் எடுக்கும் வண்டிகளில் அந்தத் திருகின் அடியிலும் துரு இருக்கும்.

காயிலின் பிரைமரி பல வண்டிகளில் 0.4 முதல் 3 ஓம் வரை, செகண்டரி 5 முதல் 15 கிலோ ஓம் வரை. பிரைமரியை அளக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் சேர்த்து வைத்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அளவில் மீட்டர் வயரின் ஓமே கணக்கைக் கெடுக்கும்.

காயிலிலிருந்து நேராக ஸ்பார்க் வந்து பிளக்குக்கு மட்டும் வரவில்லையென்றால் ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிளக் வயர். கேப்பின் உட்பக்கம் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், துடைத்தால் திரும்ப வரும்.

10. ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை

சாவி ஆன் செய்ததும் பல வண்டிகளில் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும். சில பழைய அமைப்புகளில் செல்ஃப் அடித்தால்தான் ஓடும், ஆகவே சத்தம் வரவில்லை என்பதற்காகவே பம்ப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். ரிலேயைக் கழற்றி, அதன் தளத்தில் 30, 87 துளைகளை ஃப்யூஸ் வைத்த ஜம்பரால் இணையுங்கள். இப்போது ஓடினால் ரிலே அல்லது ரிலேக்கு வரும் கட்டளை. ஓடவில்லையென்றால் பம்ப் கப்ளரில், பம்ப் இணைந்திருக்கும்போதே வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தின்கிறது. டேங்க் பக்கத்து எர்த் திருகு துருப்பிடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். மோதலில் பம்ப்பை நிறுத்தும் ஸ்விட்ச் உள்ள வண்டியில் அதன் பட்டன் மேலெழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பம்ப் ஓடுவதாலேயே அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேஜ் மாட்டுங்கள், அதற்கு முன் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். மல்டிபாயிண்ட் அமைப்புகளில் பொதுவாக 2.5 முதல் 3 பார், சிங்கிள் பாயிண்டில் 1 பாரை ஒட்டி.

இன்ஜெக்டருக்கு ஒரு வயரில் சாவி ஆனில் 12 வோல்ட் இருக்கும், மறு வயரை இசியு எர்த் செய்து திறக்கும். ஓம் 12 முதல் 16 என்றால் உயர் ஓம் வகை, 2 முதல் 3 என்றால் தாழ் ஓம் வகை. தாழ் ஓம் வகை பலவற்றில் தனி ரெசிஸ்டர் பெட்டி உண்டு. அதை மறந்து பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் இன்ஜெக்டர் கருகும். ஒன்றின் ஓம் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதைச் சந்தேகியுங்கள்.

11. ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை

இங்கே முதலில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். டேஷ்போர்டு முள்ளுக்கு ஒன்று, இசியுவுக்கு ஒன்று என இரண்டு இருக்கும் வண்டிகளில் பலர் தவறானதை மாற்றுகிறார்கள். பல வண்டிகளில் இசியு சென்சார் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமார். வயர் அறுந்தால் இசியு கடுங்குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும்: கறுப்புப் புகை, ஈரமான பிளக், சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுப்பு.

த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் சிக்னல் மூடிய நிலையில் அரை வோல்ட், முழுதும் திறந்தால் நாலரை வோல்ட் சுமார். கையால் மெல்லத் திறக்கும்போது எண் தாவாமல் ஏற வேண்டும். அதற்குப் பதிலாக வெறும் ஸ்விட்ச் உள்ள வண்டிகளில் மூடும்போது ‘டிக்’ சத்தமும் கன்டினியூட்டியும் போதும்.

லாம்டா சென்சார் (எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார்) சூடானபின் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஊசலாட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சென்சாரை வாங்க ஓடாதீர்கள், எக்ஸாஸ்ட் கசிவையும் வேக்குவம் கசிவையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

12. வந்து போகும் கோளாறு

இதில் ஒரே விதிதான்: கோளாறு இருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரையும் விளக்கையும் முன்கூட்டியே இணைத்து வைத்துவிட்டு, கோளாறை வரவழையுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, வயர் கட்டுகளை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். மடங்குமிடம், எக்ஸாஸ்ட் பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டை) தாண்டுமிடம் மூன்றையும் விடாதீர்கள். ஹேர் டிரையரால் ரிலேயையும் இக்னைட்டரையும் ஒவ்வொன்றாகச் சூடாக்குங்கள். மழையில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால், இருட்டில் பிளக் வயர்கள் மீது தண்ணீரை மெலிதாகத் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். அப்போது வயரைத் தொடாதீர்கள்.

கப்ளருக்குள் பின் விரிந்திருப்பதும் இந்த வகைதான். தடித்த மீட்டர் முனையை முன்பக்கமாகத் திணித்துச் சோதித்தவர்களின் கைவேலை அது, சோதனையே அடுத்த கோளாறாகிவிடும்.

13. வயரைச் சரிசெய்வதும் இசியுவும்

அறுந்த வயரைச் சீவும்போது உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அதே தடிமன் வயரைச் சேர்த்து, ஒழுங்காக கிரிம்ப் செய்து, ஹீட்ஷ்ரிங்க் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் நிற்காது. ஷீல்டு உள்ள சென்சார் வயரில் ஷீல்டையும் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும், அதை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்வது வழக்கம்.

இசியுவைச் சந்தேகிக்க மூன்று நிபந்தனைகள். அதன் எல்லாப் பவர் பின்களிலும் 21 வாட் பல்ப் முழுப் பிரகாசமாக எரிய வேண்டும். இந்தச் சோதனையை மட்டும் சாவி ஆஃபில் இசியு கப்ளரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மெயின் ரிலேயை இசியுவே இழுக்கும் வண்டியில், கப்ளர் கழன்றிருக்கும்போது அந்த ரிலேயையும் ஜம்பரால் இணைக்க வேண்டியிருக்கும். எர்த் பின்கள் ஐந்தாம் படியில் தேறியிருக்க வேண்டும். சுற்றும் சிக்னல் இசியுவின் பின்வரை வந்து சேர வேண்டும். இத்தனையும் இருந்து கட்டளை மட்டும் வெளியே வரவில்லையென்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈரத்தின் தடம், உப்பிய கெப்பாசிட்டர், சால்டர் விரிசல் கண்ணுக்கே தெரியலாம். வேறு இசியுவை மாட்டும் முன், பழையதைக் கொன்றது ஷார்ட்டான காயிலோ இன்ஜெக்டரோ இல்லை என்று ஓம் அளந்து உறுதிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதும் சாவி ஆன் செய்த நொடியில் போகும்.